பின்னால் வருகிறவள்

டீ அப்புறம் குடிக்கிறேம்மா. முதல்ல அந்தப் படகுக்காரங்களைக் கரைக்கு வரச் சொல்லுங்க. நம்ம பாஷை தெரிஞ்சவங்கன்னு சொல்லித்தானே உங்களை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்திருக்காங்க, இந்த ஒண்ணை மட்டும் அந்த மீசைக்காரப் போலீஸ்காரர்கிட்ட சொல்லிடுங்க, போதும். ஆத்துல யாரும் விழலை. என் தங்கச்சி காணாமப் போகலை. என்கூட அவ வரவே இல்லை.

சொல்லிட்டீங்களா? என்ன சொல்றார்?

அதிர்ச்சியில பேசறேனாமா. சரி. அவரைச் சொல்லிக் குத்தமில்லை. நாலு நாளா இந்த ஆத்தங்கரை விடுதி ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேருக்கு அறை, ரெண்டு பேருக்குச் சாப்பாடு, ரெண்டு பைன்னு எழுதி வச்சிருக்கு. அஞ்சாவது நாள் காலையில கிழவி வந்து ரெண்டாவது ஆளே கிடையாதுன்னா யார் நம்புவாங்க? நானே நம்ப மாட்டேன். முப்பத்தொரு வருஷம் கோர்ட்ல டைப்பிஸ்டா இருந்தவ நான். சாட்சிங்க சொல்லச் சொல்ல அடிக்கணும். முதல்ல ஒண்ணு சொல்லிட்டு நடுவுல மாத்திச் சொல்றவங்க முகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். இப்போ என் முகம் அப்படித்தான் இருக்கும்.

இவர் ரெண்டு விரல்ல தட்டறதைப் பாருங்க. ஒரு வரிக்கு ஒரு நிமிஷம். இப்படித் தள்ளி உக்காருங்க ஐயா, நான் அடிச்சுத் தரேன்னு சொல்லணும் போலக் கை பரபரங்குது. ஐயோ, அதையெல்லாம் அவர்கிட்ட சொல்லாதீங்க.

நீங்க என்ன வேலை பார்க்கறீங்க? ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கறவங்களா. அதான் கேள்வியே தடவிக் குடுத்துட்டுக் குத்தற மாதிரி இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. நீன்னே கூப்பிடலாம்தான், எனக்குத்தான் வராது. திருடன் கூண்டுல நின்னாலும் வாங்க, சத்தமாச் சொல்லுங்கன்னுதான் சொல்லிப் பழக்கம்.

ரெண்டு பை எதுக்குன்னு கேக்கறாரா. மணிக்கட்டும்மா. அத்தனை வருஷம் தட்டினதுல வலது மணிக்கட்டு போயிடுச்சு, பெரிய பையாத் தூக்க முடியாது. சின்னதா ரெண்டாப் பிரிச்சுக் கட்டிக்கிட்டேன். இது ஆத்தோரமா ஊர் ஊரா நடக்கற பயணம்தானே, நாம வெறும் கையோட நடக்கறோம், பையைக் கம்பெனிக்காரங்க வேன்ல ஏத்தி அடுத்த ஊர் விடுதியில வச்சிடறாங்க. அந்த நீலப் பையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க, என் ஸ்வெட்டரும் என் மாத்திரையும்தான் இருக்கும். பார்த்தாச்சா? பச்சை சால்வை ஒண்ணு இருக்கா. ஆமா, அது அவளோடதுதான். வீட்டுல விட்டுட்டுப் போனது. குளிருக்கு ஆகும்னு எடுத்துக்கிட்டேன்.

பாருங்க, உண்மையைச் சொல்லச் சொல்ல எனக்கே எப்படி மோசமா ஆகுது.

அந்த ஜன்னல்கிட்ட கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, எனக்கு ஆறு தெரியணும். எத்தனை படகு? மூணா? காலையில ரெண்டுதான் இருந்துச்சு. அந்தத் தடுப்பணைகிட்ட கறுப்பா ரப்பர் சட்டை மாட்டிக்கிட்டு நிக்கறாரே, அவர் எதுக்கு? மதகை மூடினதும் அவர் அடியில இறங்கிப் பார்ப்பாரா. எப்போ மூடறாங்க? பன்னெண்டு மணிக்கா. அந்தத் தண்ணி எவ்வளவு சில்லுன்னு இருக்கும் தெரியுமா. நேத்து கையை விட்டேன், எலும்பு வரைக்கும் போச்சு. இல்லாதவளைத் தேடி ஒருத்தர் அதுல இறங்கணுமா? சொல்லுங்க அவர்கிட்ட.

அவ உயிரோட இருக்கான்னு தெரிஞ்சாத்தான் நிறுத்துவாராமா. நியாயம்தான். படிவத்துல நம்பர் எழுதியிருக்கேனே. அடிச்சுப் பார்த்துட்டாரா? எடுக்கலையா. எப்படி எடுப்பாங்க, அது என் வீட்டு நம்பர். ஹால்ல மேஜை மேல இருக்கு. எடுக்கறதுக்கு இருக்கறது நான் ஒருத்தி, நான்தான் இங்க வந்துட்டேனே. ரெண்டு பேருக்கும் அதையேதான் போட்டேன். வேற யார் நம்பரைப் போடறது?

தங்கச்சியோட நம்பரா. ஞாபகம் இல்லைம்மா.

பர்ஸ்ல எல்லாம் எழுதி வைக்கலை. விமான டிக்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்க, ஒரே ஒரு டிக்கெட். அவ தனியா வேற விமானத்துல வந்திருக்கலாமா. வரலைன்னு எங்க வேணா விசாரிச்சுக்கட்டும். சாயங்காலம் ஆயிடுமா. சரி.

சரி, எதுக்கு அவ பேரை எழுதினீங்கன்னு நீங்க கேக்கறீங்களா, அவர் கேக்கறாரா? நீங்களா. அப்போ சொல்றேன். மணி பத்தரைதானே ஆகுது.

இந்த நடைக்கு ஏற்பாடு பண்ற கம்பெனியில ஒரு விதி இருக்கு. அறுபத்தஞ்சைத் தாண்டினவங்களைத் தனியா விட மாட்டாங்க, துணைக்கு ஒருத்தர் வரணும். எழுபது ஆயிட்டா துணையோட வந்தாலும் கிடையாது. எனக்கு இன்னும் ரெண்டு மாசத்துல எழுபது. படிவத்துல ரெண்டாவது ஆள் பேருன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. கை தானா அவ பேரை அடிச்சிடுச்சு. அப்புறமா அவளைக் கேட்டுக்கலாம்னுதான் இருந்தேன். கேட்டுட்டுத்தான் எழுதணும், தெரியும். இன்னிக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு தள்ளிப் போட்டதுல கிளம்பற நாள் வந்துடுச்சு. முதல் ஊர்ல கொண்டுவந்து இறக்கிவிட்ட வேன்காரருக்குப் பை எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும், ஆளை அவர் எண்ணலை.

சின்னவன்னு கூப்பிடுவேன். ஏழு வயசு சின்னவ. கண்ணாடிக் கடையில வேலை, மூக்குக் கண்ணாடிக் கடை. பத்தொன்பது வருஷம் ரெண்டு பேரும் ஒரே வீடு. ரெண்டு அறை, ஒரு பால்கனி, அதுல ஒரு நாற்காலிதான் போட முடியும், யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு. இந்த நடையைப் பத்தின புஸ்தகத்தை அவதான் கொண்டுவந்தா. கடைக்கு வந்த யாரோ விட்டுட்டுப் போனது. அஞ்சு நாள், அறுபத்தெட்டு கிலோமீட்டர், ஆத்தை விட்டு விலகாம ஒரு பாதை. சாயங்காலம் நான் காய் நறுக்குவேன், அவ வாசிப்பா. ரெண்டாவது நாள் காலையில மரப்பாலத்தைக் கடக்கவும், அப்படின்னு வாசிச்சுட்டு, கடந்தாச்சான்னு என்னைக் கேப்பா. கடந்தாச்சு, உப்பை எடுன்னு சொல்லுவேன். வாசிச்சு வாசிச்சே ஏழெட்டு தடவை நடந்து முடிச்சுட்டோம். நிஜமா வர்றதுக்கு லீவு கிடைக்கணும், அது கிடைச்சா இது கிடைக்கணும்னு போயிட்டே இருந்துச்சு.

நடை நல்லா இருந்துச்சான்னு கேக்கறீங்களா. சந்தோஷம்மா. காலையில இருந்து இதை யாரும் கேக்கலை.

முதல் நாள் ஆறு சின்னது. கல்லு மேல தடுக்கி விழுந்து எழுந்து ஓடுது, ஓயாத வாய். மூணாவது நாளுக்குள்ள பேச்சைக் குறைச்சிடுச்சு. அகலமா, பழுப்பா, பக்கத்துல போறதே தெரியாமப் போகுது. வயசானா அப்படித்தான் ஆகணும் போல. நான்தான் தலைகீழா இருக்கேன். ஊருங்க எல்லாம் பகல்ல காலி. கயித்துல துணி காயும், உலர்த்தினவங்களைக் காணோம். ஏதோ ஒரு ஜன்னல்ல ரேடியோ பேசிக்கிட்டிருக்கும். ஒரு வீட்டு வாசப்படியில ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, உள்ள மழைத்தண்ணி நிறைஞ்சு, அதுல வானம் தெரியுது. வயலுக்கு வயல் மரக்கதவு. மாடு வெளிய போயிடாம, திறந்தவங்களே மூடிட்டுப் போகணும். நான் திறப்பேன், தாண்டுவேன், தாண்டினப்புறம் மூடாம அதைப் பிடிச்சுக்கிட்டே நிப்பேன். எதுக்கு நிக்கறேன்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் உறைக்கும். ஒரு மாடு என்னையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. போடி, உன் வேலையைப் பாருன்னு சொல்லிட்டு மூடினேன். ரெண்டு நாள்ல நான் வாயைத் திறந்து பேசினது அது ஒண்ணுதான்.

எப்படி இந்தப் பொய் ஆரம்பிச்சுதுன்னு வர்றேன், வர்றேன். பொய்யுன்னு சொல்றதா என்னன்னு எனக்கே தெரியலை, ஒரு வார்த்தை கூடப் பேசலையே. முதல் விடுதியில இடுப்புல சாவிக்கொத்து மாட்டின ஒரு அம்மா. அவங்க பேசறது எனக்குப் புரியலை, நான் பேசறது அவங்களுக்குப் புரியலை. காகிதத்தைப் பார்த்துட்டு ரெண்டு விரலைக் காட்டினாங்க, என் தோளுக்குப் பின்னால எட்டிப் பார்த்தாங்க. நான் கட்டை விரலை இப்படிப் பின்னால காட்டினேன். யோசிச்சுக் காட்டலைம்மா. பத்தொன்பது வருஷமாக் கடைத்தெருவுல அதைத்தான் காட்டிக்கிட்டிருந்தேன். நான் வேகமா நடப்பேன், அவ வழியில இருக்கற போர்டை எல்லாம் நின்னு படிச்சுட்டு வருவா. எங்கேம்மா, தங்கச்சியைக் காணோம்னு காய்க்காரர் கேப்பார், பின்னாடி வர்றான்னு விரலைக் காட்டுவேன். கை பழகினதைச் செஞ்சிடுச்சு. அந்த அம்மா சிரிச்சுட்டு ரெண்டாவது தட்டை மூடி வச்சிட்டாங்க.

அப்போவே இல்லைன்னு தலையை ஆட்டியிருக்கலாம்தான். தனியா வந்த கிழவின்னு தெரிஞ்சாத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு பயம். காலையில ரெண்டாவது படுக்கையைக் கொஞ்சம் கலைச்சு, தலையணை நடுவுல ஒரு குத்துக் குத்தி வச்சேன். மூடியிருந்த தட்டுல பாதியைச் சாப்பிட்டேன், எனக்குப் பசியே இல்லை. எங்கேன்னு கையைக் காட்டினாங்க. எனக்கு முன்னாடியே கிளம்பிட்டான்னு ஜன்னலைக் காட்டினேன். அவங்க அடுத்த ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிடறாங்க போல, ரெண்டு பொம்பளைங்க, ஒருத்தி மெதுவா நடக்கறா, பார்த்துக்கோங்கன்னு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள என் பொய் அங்க போய்க் கை கால் கழுவிட்டு உக்காந்திருக்கும். ரெண்டாவது ஊர்ல அவ படுக்கையில போர்வைக்கு அடியில வெந்நீர்ப் பை. மூணாவது ஊர்ல ஒரு பெரியவர், சாயங்கால வெளிச்சம் நிறைய இருக்கறப்பவே வாசல் விளக்கைப் போட்டுட்டு எனக்குச் சைகை காட்டறார், தூரத்துல இருந்தே அவங்களுக்குத் தெரியும்னு.

எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க. சாயங்காலம் ஆனா யாராவது ஒருத்தர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவாங்க, இன்னும் வரலையா? நான் கையை ஆட்டுவேன், வந்துடுவா. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து வாசலைப் பார்ப்போம். மூணு வருஷமா என் வீட்டு வாசலை நான் மட்டும்தான் பார்க்கறேன்.

நேத்து நாலாவது ஊர், அதாவது இந்த ஊர். நாலு மணிக்கே மழை பிடிச்சுக்கிச்சு. இந்த விடுதி அம்மா, அதான் வெளிய பெஞ்சுல அழுதுக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்கதான், என்னை அடுப்புக்குப் பக்கத்துல உக்கார வச்சுட்டு ரெண்டு குடையை எடுத்துக்கிட்டு வெளிய போனாங்க. மாடு கட்டப் போறாங்கன்னு நினைச்சேன். ஒரு மணி நேரம் ஆச்சு. திரும்பி வந்தாங்க, ஒரு குடையை விரிச்சிருந்தாங்க, இன்னொண்ணு சுருட்டினபடி கையில. பாலத்துல போய் நின்னிருக்காங்கம்மா. என் தங்கச்சி நனைஞ்சுடக் கூடாதுன்னு. பாவாடை முழங்கால் வரைக்கும் சொட்டுது. என்னைப் பார்த்து, கவலைப்படாதீங்கங்கற மாதிரி தட்டிக் குடுத்துட்டு, மறுபடி ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தாங்க.

இதுக்கு மேல முடியாதுன்னு ஆயிடுச்சு. இன்னிக்குக் காலையில அவங்களைப் பிடிச்சு உக்கார வச்சு உண்மையைச் சொல்லிட்டேன். எப்படிச் சொல்றது? கையாலதான். ரெண்டு விரலைக் காட்டினேன். ஒண்ணை மடக்கினேன். கையை விரிச்சு, இல்லைன்னேன். அவங்களுக்குப் புரியலை. வந்த பாதையைக் காட்டினேன், ஜன்னல் வழியா, ஆத்தோரமா அந்தப் பக்கம். மறுபடி விரலை மடக்கிட்டு, இல்லை, கிடையாதுன்னு தலையை ஆட்டினேன். ஆட்டறப்போ எனக்கு அழுகை வந்துடுச்சு. அதுதான் நான் பண்ணின தப்பு. அழாமச் சொல்லியிருந்தா வரலைன்னு புரிஞ்சுக்கிட்டு இருப்பாங்க. அந்த அம்மா என் விரலைப் பார்த்தாங்க, ஆத்தைப் பார்த்தாங்க, வாயைப் பொத்திக்கிட்டாங்க. அடுத்தது போன். கால் மணி நேரத்துல வாசல் முழுக்க ஆம்பளைங்க, கயிறும் கொக்கியுமா. இல்லைங்க, இல்லைங்கன்னு நான் ஒருத்தர் சட்டையைப் பிடிச்சு இழுக்கறேன், அவர் என் தலையைத் தடவிக் குடுத்துட்டு ஓடறார்.

ஆமாம்மா, சிரிக்கலாம், சிரிங்க. வேற யாருக்காவது நடந்திருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

என்ன ஆச்சு, எதுக்கு அவர் எழுந்துட்டார்? பன்னெண்டுன்னு சொன்னாரே. மழைத்தண்ணி ஏறுதுன்னு முன்னாடியே மூடறாங்களா. அந்த ரப்பர் சட்டைக்காரர் இடுப்புல கயிறு கட்டறாங்க பாருங்க. அவர் பக்கத்துல நிக்கறது யாரு? சம்சாரமா. ஃபிளாஸ்க் வச்சிருக்காங்க.

நம்பர் கேக்கறாரா.

என்னன்னு சொல்லுவேன் உங்களுக்கு. அந்த நம்பரைக் குடுத்துட்டா அப்புறம் எனக்குன்னு ஒண்ணுமே இல்லைம்மா. சண்டையான்னா, சண்டைன்னு சொல்ல முடியாது, சண்டை போட்டிருந்தாச் சேர்ந்திருப்போம். அவளுக்கு அம்பத்தொன்பது வயசுல கல்யாணம் ஆச்சு. கடைக்கு வந்த மனுஷன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கறவர், மனைவி தவறிப்போனவர். வாரத்துக்கு ஒரு தடவை மூக்குக் கண்ணாடிக் காலை உடைச்சுக்கிட்டு வந்தாராம். எந்த மனுஷனுக்கு வாரா வாரம் உடையும்? நல்லவர்தான். அது எனக்கு அப்போவே தெரியும், அதுதான் ஆத்திரம். அவ வந்து என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. பதிவு ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணும், நீ வர்றியாக்கான்னு. நான் டைப் அடிச்சுக்கிட்டிருந்தேன், வீட்டுல கொஞ்சம் வேலை எடுத்துச் செஞ்சுக்கிட்டிருந்த நேரம். தலையைத் தூக்காமச் சொன்னேன், எனக்கு அன்னிக்கு வேலை இருக்குன்னு. என்னிக்குன்னு அவ இன்னும் சொல்லவே இல்லை.

வாழ்நாள் முழுக்க ஊரான் வீட்டுச் சாட்சிக்கெல்லாம் எழுதிக் குடுத்தவ. அவளுக்கு வாசல்ல டீ கொண்டு வந்தவர் கையெழுத்துப் போட்டாராம். யாரோ சொன்னாங்க.

அப்புறம் அவ வரலை. நானும் போகலை. மூணு வருஷம். ரெண்டு பஸ் மாறிப் போனா அவ வீடு. இப்போ நீங்க கூப்பிட்டு என்ன சொல்லுவீங்க? உங்க அக்கா உங்களைக் கேக்காம உங்க பேரை எழுதி, நாலு ஊருக்கு உங்களைக் கூட்டிட்டுப் போய், கடைசியில ஆத்துல தள்ளிட்டாங்கன்னா? புஸ்தகத்துல இருந்த நடையை எல்லாம் அவளை விட்டுட்டு நான் மட்டும் நடந்துட்டேன்னு தெரிஞ்சா அவ என்னை என்ன நினைப்பா?

இறங்கறாரா? நில்லுங்க. நிக்கச் சொல்லுங்க அவரை. பேனா குடுங்க, நான் எழுதறேன். ஞாபகம் இல்லைன்னு சொன்னது பொய், மன்னிச்சுக்கோங்க. இந்தாங்க. அந்த நாலாவது எண் ஏழு, ஒண்ணு மாதிரி இருக்கும், மணிக்கட்டு ஒத்துழைக்கலை. முன்னாடி நம்ம நாட்டு எண்ணைச் சேர்த்துக்கோங்க. வீட்டுலதான் இருப்பா இந்நேரம்.

ஒரு விஷயம்மா. எடுத்த உடனே நீங்க பேச ஆரம்பிச்சிடுங்க. பழைய போன், யார் கூப்பிடறாங்கன்னு அதுல தெரியாது. அவ ஒரு தடவைதான் ஹலோ சொல்லுவா. பதில் வரலைன்னா மறுபடி கேக்க மாட்டா, வைக்கவும் மாட்டா. ரிசீவரைக் காதுல வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பா. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அப்படித்தான். நான் கூப்பிடுவேன், பேச வராது, அவளும் பேச மாட்டா. போன வாரம் பதினேழு நிமிஷம். குழாய்ல தண்ணி விழற சத்தம் கேட்டுச்சு. போன்ல யாருன்னு அவ வீட்டுக்காரர் கேட்டார். யாருமில்லைன்னு சொன்னா. சொல்லிட்டு வைக்கலை.

அதான் சொல்றேன். நீங்க சும்மா இருந்துட்டா, நான்தான்னு நினைச்சுக்குவா.